வேகத்தின் விலை வெப்பம்: ஓவர்கிளாக்கிங் கேட்ட ஒரு மாணவருக்குச் சொன்னவை



மத்ரஸா ஆசிரியரிடம் வரும் கேள்விகள் பெரும்பாலும் தொழுகை, நோன்பு, கொடுக்கல் வாங்கல் பற்றியவையாகவே இருக்கும். கடந்த கோடையில் என்னிடம் வந்த கேள்வி வேறு வகையானது. சிறு வயதில் என்னிடம் மக்தபில் ஓதிய இளைஞர் ஒருவர் இப்போது பாலிடெக்னிக் முடித்துவிட்டு, திண்டிவனத்திலும் புதுச்சேரியிலும் உள்ள ஸ்டூடியோக்களுக்குத் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கிறார். அவர் ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் வந்து, "ஹஜ்ரத், கம்ப்யூட்டர ஓவர்கிளாக் பண்ணலாம்னு இருக்கேன். மார்க்கத்துல இதுக்குத் தடை ஏதும் உண்டா?" என்று கேட்டார்.

அவருடைய அத்தா மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்பவர். அந்தக் கணினி, உறவினர் ஒருவர் கொடுத்த வட்டியில்லாக் கடனில் வாங்கப்பட்டது. கடன் இன்னும் முழுமையாக அடையவில்லை. எனவே கேள்வி ஓர் இயந்திரத்தைப் பற்றியது மட்டுமன்று என்பது எனக்கு உடனே புரிந்தது. அவருக்கு நான் சொன்னவற்றையும், அதற்காகப் படித்தறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன். நான் கணினிப் பொறியாளன் அல்லன். எனினும் எங்கள் மத்ரஸாவின் கணினியைப் பல ஆண்டுகளாகத் திறந்து, தூசு தட்டி, பேஸ்ட் மாற்றிப் பராமரித்து வருபவன்.

ஓவர்கிளாக்கிங் என்பது என்ன?

கணினியின் பிராசசர் ஒரு துடிப்புக்கு ஏற்ப வேலை செய்கிறது. அந்தத் துடிப்பு, ஓர் அடிப்படை அதிர்வெண்ணை ஒரு பெருக்கு எண்ணால் பெருக்கிப் பெறப்படுவது. அடிப்படை 100 மெகாஹெர்ட்ஸ், பெருக்கு எண் 34 எனில், பிராசசர் 3.4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடும். பெருக்கு எண்ணை 40 ஆக்கினால் 4 கிகாஹெர்ட்ஸ். தயாரிப்பாளர் குறித்துக் கொடுத்த வேகத்திற்கு மேல் இவ்வாறு ஓட்டுவதே ஓவர்கிளாக்கிங். பயாஸ் அமைப்பில் சில எண்களை மாற்றினால் போதும். ஆனால் எல்லாப் பிராசசரும் எல்லா மதர்போர்டும் இதற்கு இடம் தருவதில்லை. இன்டெல் நிறுவனத்தில் பெரும்பாலும் பெயரின் இறுதியில் 'கே' எழுத்து உள்ளவை. ஏஎம்டியின் ரைசன் வகையில் பெரும்பாலானவை இடம் தரும்.

இந்தப் பழக்கம் புதியதன்று. 1998இல் வெளிவந்த இன்டெல் செலரான் 300ஏ என்னும் பிராசசரின் வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். அதன் அடிப்படை அதிர்வெண்ணை 66இலிருந்து 100க்கு ஏற்றியதும் அது 450இல் ஓடியது. குறைந்த விலைப் பொருள் அதிக விலைப் பொருளின் வேகத்தைக் கொடுத்ததால், மாணவர்களும் சிறு தொழில் செய்வோரும் அதைத் தேடி வாங்கினர். இன்று போட்டிகளில் திரவ நைட்ரஜனும் திரவ ஹீலியமும் ஊற்றிக் குளிர்வித்து 9 கிகாஹெர்ட்ஸையும் தாண்டியிருக்கிறார்கள். அவை சில நிமிடச் சாதனைகள். அந்த வேகத்தில் எவரும் பிழைப்பு நடத்துவதில்லை.

வேகம் ஏறினால் வெப்பம் ஏன் அதைவிட அதிகமாக ஏறுகிறது?

இங்கேதான் மாணவர் கணக்குப் போடாமல் இருந்தார். பிராசசர் செலவிடும் மின்திறன், வேகத்தின் அளவுக்கு ஏறுகிறது. மின்னழுத்தத்தின் இருமடிப் பெருக்கத்திற்கும் ஏறுகிறது. வேகத்தை ஏற்றும்போது டிரான்சிஸ்டர்கள் தடுமாறாமல் இருக்க மின்னழுத்தத்தையும் ஏற்ற வேண்டி வரும். ஆகவே இரண்டும் சேர்ந்து வெப்பத்தைக் கூட்டுகின்றன.

ஓர் எடுத்துக்காட்டு: 3.4 கிகாஹெர்ட்ஸ், 1.2 வோல்ட்டில் ஓடும் பிராசசரை 4 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றுவோம். வேகம் ஏறத்தாழ 18 விழுக்காடு கூடும். வெப்பமோ ஏறத்தாழ 49 விழுக்காடு கூடும். ஒரு மணி நேரத்தில் முடியும் வீடியோ வேலை 51 நிமிடத்தில் முடியும். ஒன்பது நிமிட மிச்சத்திற்குப் பாதிப் பங்கு வெப்பம் கூடுதல்.

இந்த வெப்பம் எங்கே போகும்? பிராசசரின் மேல் தெர்மல் பேஸ்ட், அதன் மேல் ஹீட் சிங்க் என்னும் உலோகத் தகடுகள், அதன் மேல் விசிறி. விசிறி எவ்வளவு வேகமாகச் சுழன்றாலும் பிராசசரை அறைக் காற்றைவிடக் குளிர்ச்சியாக்க இயலாது. அறையின் வெப்பமே அடித்தளம். பிராசசரின் வெப்பம் அதன் மீது ஏறி அமர்கிறது. 65 வாட்டில் அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுகிறது எனக் கொள்வோம். குளிர்நாட்டில் அறை 20 டிகிரி எனில் பிராசசர் 60இல் இருக்கும். மரக்காணத்தில் மே மாதம் ஓட்டு வீட்டு அறை 35 டிகிரி எனில் அது 75. அதே விசிறியை வைத்துக்கொண்டு 49 விழுக்காடு வெப்பத்தைக் கூட்டினால், 40 என்பது 60 ஆகும். பிராசசர் 95ஐத் தொடும். பல ரைசன் பிராசசர்களுக்கு 95 டிகிரியே எல்லை. அந்த எல்லையை அடைந்ததும் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏற்றிய வேகம் பயனின்றிப் போய், வெப்பம் மட்டும் மிஞ்சும்.

குளிர்நாட்டார் வெளியிடும் காணொளிகளைப் பார்த்து, அதே எண்களை நம் கடற்கரையில் இடுவது ஏன் பொருந்தாது என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

உப்புக் காற்றில் ஒரு கணினி

எங்கள் பகுதிக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கிழக்கே வங்கக் கடல், தெற்கே கழுவேலி ஏரி, இடையே உப்பளங்கள். காற்றில் உப்புத் துகள் எப்போதும் உண்டு. உப்புக்கு ஓர் இயல்பு: காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். கடற்கரையின் இரவும் அதிகாலையும் பெரும்பாலும் அந்த அளவைத் தாண்டியவை. மதர்போர்டின் மேல் படிந்த உப்புத் தூசு இரவில் ஈரமாகிப் பகலில் உலர்கிறது. செம்பு பச்சை பூக்கிறது. அலுமினியம் வெள்ளைப் பொடியாகிறது. முனைகளில் மின்கசிவு ஏற்படுகிறது. அதிகக் காற்றை இழுக்கும் பெரிய விசிறி, அதிக உப்பையும் இழுக்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

சிலர் கணினியின் அருகில் நீர் ஊற்றும் ஏர்கூலரை வைக்கிறார்கள். வறண்ட உள்நாட்டில் அது பயன் தரலாம். ஏற்கெனவே ஈரமான கடற்காற்றில் நீர் நன்றாக ஆவியாகாது. குளிர்ச்சி குறைவு, ஈரமோ அதிகம். உப்புத் தூசு படிந்த பலகைக்கு அது தீங்கே.

நல்ல ஹீட் சிங்கில் செம்புக் குழாய்கள் இருக்கும். காற்று நீக்கி மூடப்பட்ட அந்தக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கிறது. பிராசசரின் சூட்டில் அது ஆவியாகி, தகடுகள் உள்ள முனைக்குச் சென்று குளிர்ந்து, உட்சுவரின் நுண்துளைகள் வழியே திரும்புகிறது. உப்புப் பாத்தியில் கதிரவன் செய்யும் வேலைதான் அங்கும் நடக்கிறது. அங்கே நீர் போய்விடுகிறது, இங்கே திரும்பி வருகிறது.

உப்புப் பாத்தி கற்பிக்கும் எல்லை

மாணவருக்கு எல்லையைப் புரியவைக்க, அவருடைய அத்தாவின் தொழிலையே எடுத்துச் சொன்னேன். உப்பு நீரின் செறிவைப் போமே என்னும் டிகிரியால் அளக்கிறார்கள். கடல்நீர் ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் ஆவியாகி ஏறத்தாழ 25 டிகிரியை அடையும்போது சாப்பாட்டு உப்பு படிகமாகத் தொடங்கும். மேலும் வெயில் காயட்டும், மேலும் உப்புக் கிடைக்கும் என்று அந்த நீரை அப்படியே விட்டுவிட முடியாது. ஏறத்தாழ 29 டிகிரியைத் தாண்டினால் மக்னீசிய உப்புகளும் சேர்ந்து படியும், உப்பு கசக்கும். ஆகவே அந்த நீரை உரிய நேரத்தில் வெளியேற்றிவிடுகிறார்கள். 25க்கும் 29க்கும் இடையிலுள்ள அந்தச் சிறு இடைவெளியில்தான் உப்பளத்தாரின் வாழ்வாதாரம் இருக்கிறது.

படைப்புகள் யாவும் ஓர் அளவோடு படைக்கப்பட்டவை என்று கமர் அத்தியாயம் நமக்கு உணர்த்துகிறது. அர்ரஹ்மான் அத்தியாயம் தராசைக் குறிப்பிட்டு, அதில் வரம்பு மீற வேண்டாம் என எச்சரிக்கிறது. சிலிக்கானுக்கும் அவ்வாறே அளவு உண்டு. சென்னை ஐஐடியில் உருவான சக்தி பிராசசர் வரிசையைப் பாருங்கள். 2018இல் 22 நானோமீட்டர் நுட்பத்தில் இன்டெல் ஆலையில் செய்யப்பட்ட ரைஸ்கிரீக் 350 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. சண்டிகரில் உள்ள நம் நாட்டு ஆலையில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் செய்யப்பட்ட ரிமோவின் வேகம் 70 மெகாஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே குழுவினரின் உழைப்பு. எந்த நுட்பத்தில் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்து அதன் எல்லை அமைந்தது.

எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைச் சான்றும் உண்டு. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்களில் சில, தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் நிலைகுலைந்தன. 2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் திருத்தம் வெளியிட்டதுடன் உத்தரவாதத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான பிராசசரை அந்தத் திருத்தம் சரிசெய்யாது. மின்னழுத்தத்தால் ஏற்படும் தேய்மானம் திரும்பாத தேய்மானம்.

மார்க்கத்தின் பார்வையில்

நான் முஃப்தி அல்லன். இதை ஃபத்வாவாக எவரும் கொள்ள வேண்டாம். அறிஞர்கள் வகுத்த பொது விதிகளிலிருந்து எனக்குப் புரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

முதலாவது, உலகப் பொருள்களைப் பயன்படுத்துவதில் அடிப்படை அனுமதியே. தடைக்குத்தான் ஆதாரம் தேவை. தன் சொந்தக் கணினியின் வேகத்தை ஒருவர் கூட்டிக்கொள்வதில் தடை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, பொருள் எவருடையது என்பது முக்கியம். கடன் அடையாத பொருளைப் பழுதாக்கினால் கடன் கொடுத்தவரின் நம்பிக்கையும் பழுதாகும். பள்ளிவாசலுக்கோ மத்ரஸாவுக்கோ உரிய கணினி வக்ஃபு சொத்து. அதில் சோதனை செய்ய எவருக்கும் உரிமை இல்லை.

மூன்றாவது, உத்தரவாதம். ஓவர்கிளாக்கிங்கால் ஏற்படும் பழுது உத்தரவாதத்தில் அடங்காது என்று இன்டெலும் ஏஎம்டியும் தெரிவிக்கின்றன. அவ்வாறு பழுதாக்கிவிட்டு, அதை மறைத்துப் புதிய பொருள் வாங்குவது மோசடி. பழைய பிராசசரை விற்கும்போதும் அது எவ்வாறு ஓட்டப்பட்டது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஈரமான தானியத்தை அடியில் மறைத்து விற்ற வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததே.

நான்காவது, அடுத்தவரின் வேலை. நிலையற்ற ஓவர்கிளாக் எப்போதும் கணினியை நிறுத்திவிடும் என்று எண்ணக்கூடாது. சில வேளைகளில் அது ஓடிக்கொண்டே தவறான கணக்கைத் தரும். கோப்பு ஓசையின்றிக் கெடும். ஒரு குடும்பத்தின் திருமணப் பதிவு மறுபடி எடுக்க இயலாதது. அது அமானத். ஆகவே வேகத்தை மாற்றியவர், பிரைம்95 போன்ற சோதனை நிரலைப் பல மணி நேரம் ஓட்டிப் பார்க்காமல் பிறர் வேலையைத் தொடக்கூடாது. பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட அந்த நிரல், தன் விடையைச் சரிபார்த்துக்கொண்டே செல்வதால் பிராசசரின் பொய்யை வெளிக்கொணரும்.

குளிரும் நேரத்தைத் தேடுதல்

இவற்றைக் கேட்ட மாணவர், "அப்போ என்னதான் பண்றது ஹஜ்ரத்? ஏப்ரல், மே மாசந்தான் கல்யாண சீசன். வேல முடியலன்னா ஸ்டூடியோக்காரங்க வேற ஆளப் பாத்துடுவாங்க" என்றார். அவருடைய நெருக்கடி உண்மையானது.

அபூதர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. ஒரு பயணத்தில் லுஹருக்கு பாங்கு சொல்ல முஅத்தின் முற்பட்டபோது, வெயில் தணியட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நிறுத்தினார்கள்; சிறு மேடுகளின் நிழல் கண்ணுக்குத் தெரியும் வரை தாமதப்படுத்தினார்கள். ஃபிக்ஹ் நூல்களில் இதற்கு 'இப்ராத்' என்று பெயர். வெப்பம் தணியும் நேரத்தை நாடுதல் என்பது பொருள். கடமையான தொழுகையே அதற்குரிய நேரத்துக்குள் கடும் வெப்பத்தை விட்டுத் தள்ளிவைக்கப்படுகிறது எனில், நம் உலக வேலைகளுக்கு அந்த வழிகாட்டல் எவ்வளவு பொருந்தும்!

உப்பளத்தாரும் இதையே செய்கிறார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க இருட்டிலேயே பாத்தியில் இறங்குகிறார்கள். எனவே மாணவரிடம், வேகத்தை மாற்றுவதற்கு முன் நேரத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னேன். பகலில் வெட்டுதல், ஒட்டுதல், வண்ணம் சரிசெய்தல் போன்ற இலகுவான வேலைகள். பிராசசரை முழுமையாக உழைக்க வைக்கும் ரெண்டரிங் வேலையை இஷாவுக்குப் பின் வரிசையில் இட்டுவிட்டு உறங்கச் செல்வது. ஃபஜ்ருக்கு எழும்போது கோப்புகள் ஆயத்தமாக இருக்கும். ஒன்பது நிமிடத்திற்காகப் பதறாமல், ஓர் இரவு முழுவதும் கிடைக்கிறது.

பிறகு அவர் கணினியைத் திறந்து தூசைத் தட்டி, காய்ந்து வெடித்திருந்த தெர்மல் பேஸ்ட்டை மாற்றினார். செம்புக் குழாய் உள்ள சாதாரண ஹீட் சிங்க் ஒன்றை வாங்கிப் பொருத்தினார். மின்னழுத்தத்தை ஏற்றாமல் தாங்கும் அளவுக்கு மட்டும் வேகத்தைச் சிறிது கூட்டி, ஓர் இரவு முழுதும் சோதித்து, அங்கேயே நிறுத்திக்கொண்டார். எதிர்த்திசை வழியும் உண்டு: வேகத்தை மாற்றாமல் மின்னழுத்தத்தைச் சிறிது குறைப்பது. 1.2 வோல்ட்டை 1.1 ஆக்கி அது தடுமாறாமல் ஓடினால், அதே வேகத்தில் வெப்பம் ஏறத்தாழ 16 விழுக்காடு குறையும். நம் கடற்கரைக்கு இதுவே ஏற்றது என்பது என் கருத்து.

சூட்டை உணரும் இன்னொரு உடல்

இந்தக் கேள்வியால் என் மனத்தில் தங்கியது வேறொன்று. எல்லையை அடைந்ததும் பிராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதைச் செய்தவர்கள் அந்தப் பாதுகாப்பை அதற்குள் வைத்திருக்கிறார்கள். மனித உடலுக்குள்ளும் அல்லாஹ் அத்தகைய அறிகுறிகளை வைத்திருக்கிறான்: தலைச்சுற்றல், தசைப்பிடிப்பு, சிறுநீர் மஞ்சளித்துக் குறைதல். ஆனால் கூலிக்காரர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ள இயலுமா? குறைத்தால் கூலி குறையும்.

சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017 முதல் 2020 வரை தமிழ்நாட்டின் 7 உப்பளங்களில் 352 தொழிலாளர்களை ஆராய்ந்தனர். ஏறத்தாழ பத்தில் ஒன்பது பேர் பாதுகாப்பான வரம்புக்கு மேற்பட்ட வெப்பத்தில் உழைப்பதையும், சிலரின் சிறுநீரகச் செயல்பாடு குறைந்திருப்பதையும் கண்டனர். கழிப்பறை இல்லாத இடங்களில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அந்த அறிவிப்பு நிழலாகவும் நீராகவும் பாத்தி வரப்புக்கு வந்து சேர வேண்டும்.

உங்கள் கையின் கீழ் உழைப்போர் உங்கள் சகோதரர்கள். அவர்களின் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் நீங்களும் உதவுங்கள் என்ற கருத்திலான நபிமொழியும் புகாரியில் உள்ளது. அதை அறிவிப்பவரும் அதே அபூதர் (ரலி) அவர்கள்தாம். நிழல் தெரியும் வரை காத்திருந்ததைக் கண்டவரே, உழைப்போரின் சுமையைப் பற்றியும் நமக்கு எடுத்துச் சொல்கிறார். தன் எசமானர் பட்டினி போட்டு ஓயாமல் வேலை வாங்குவதாக நபி (ஸல்) அவர்களிடம் கண்ணீரோடு முறையிட்ட ஒட்டகத்தின் செய்தி அபூதாவூதில் இருக்கிறது. வாயற்ற பிராணியின் களைப்புக்கே விசாரணை உண்டு எனில், மனிதரின் களைப்புக்கு?

மாணவரிடம் நான் கடைசியாகச் சொன்னது இதுதான்: "தம்பி, பிராசசர் எத்தனை டிகிரின்னு தினமும் பாக்குறீங்க. அத்தா வேலை முடிஞ்சு வந்ததும் எவ்வளவு தண்ணி குடிச்சாருன்னும் கேளுங்க." அவர் பதில் சொல்லவில்லை. சில வாரங்கள் கழித்து, அத்தாவை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று சிறுநீரகப் பரிசோதனை செய்ததாகவும், அல்ஹம்துலில்லாஹ், அளவுகள் சரியாக இருந்ததாகவும் தெரிவித்தார்.

இதை வாசிப்போரில் கடை வைத்திருப்போர், கட்டட வேலை எடுத்துச் செய்வோர், உப்பளம் குத்தகை எடுத்தோர் இருக்கலாம். வெயில் காலம் தொடங்குமுன் ஒரு கொட்டகை, இரண்டு மண்பானை, ஒரு கழிப்பறை, நடுப்பகலில் கூலி பிடிக்காத ஓய்வு ஆகியவற்றுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒரு நல்ல கணினியின் விலைக்குள் இவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும். கணினி வைத்திருப்போர் மாதம் ஒருமுறை, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மென்மையான தூரிகையால் உப்புத் தூசை அகற்றுங்கள். கடலை நோக்கிய சன்னலருகே அதை வைக்காதீர்கள். கனமான வேலையைக் குளிர்ந்த நேரத்திற்குத் தள்ளுங்கள்.

நமக்குக் கொடுக்கப்பட்ட பொருளையும், நம் பொறுப்பில் விடப்பட்ட மனிதரையும் அவரவர் அளவறிந்து நடத்தும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.